புகையை முதலில் காண்பவர்

(பெங்களூர் சிவாஜிநகரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2019 பிப்ரவரி 23, சனிக்கிழமை. எலகங்காவில் விமானக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. வண்டிகள் நிறுத்தியிருந்த திடலில், காய்ந்த புல்லில் பற்றிய தீ காற்று போன திசையெல்லாம் ஓடி, கிட்டத்தட்ட 300 கார்களைச் சாம்பலாக்கியது. அந்தக் கரும்புகையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதே நாளில், இங்கிருந்து தென்மேற்கே, சாலை வழியில் 200 கிலோமீட்டருக்கு அப்பால் பந்திப்பூர் காடு எரிந்துகொண்டிருந்தது. கோபாலசுவாமி பெட்டா, குந்தகெரே பக்கத்து மலைச்சரிவுகளில் ஒரு மூலையில் அணைத்தால் தீ இன்னொரு மூலையில் கிளம்பியது. 25ஆம் தேதி விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்கள் வந்து, பெரிய வாளியைத் தொங்கவிட்டு நீர்நிலையில் மொண்டு மொண்டு ஊற்றின. எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது 4,000 ஹெக்டேருக்கு மேல் கருகியிருந்தது.

அந்த வாரம் மைசூரிலிருந்தும் நம் பெங்களூரிலிருந்தும் தன்னார்வலர்கள் கிளம்பிப் போனார்கள். தண்ணீர், மோர், குளுக்கோஸ், பழம், செருப்பில்லாமல் நின்றவர்களுக்கு ஷூ என்று கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு வனத்துறையின் வாட்சர்களோடு சேர்ந்து தீயை அடித்தவர்களும் உண்டு. அந்த மனசுக்குத் தலை வணங்குகிறேன். ஆனாலும் அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்தத் தீ ஒரு பாய் அகலம் இருந்தபோது அதை யார் பார்த்தார்கள்? பார்க்க அங்கே யாராவது இருந்தார்களா?

சிவாஜிநகர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2012 பிப்ரவரியில் ரஸ்ஸல் மார்க்கெட் எரிந்தது அதிகாலையில். ஊர் விழிப்பதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் போய்விட்டன. பகல் பதினோரு மணிக்கு அதே தீ பற்றியிருந்தால், பூக்கடை அக்கா ஒருவர் போட்ட ஒரு சத்தத்தில், நாலு குடம் தண்ணீரில் அடங்கியிருக்கும். காட்டில் அந்தச் சத்தம் போடுவதற்காக ஓர் ஆளை உயரத்தில் உட்கார வைக்கிறார்கள். அந்த ஆளையும் அவர் உட்காரும் இடத்தையும் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் இந்த வேலை ஒரு முறையான தொழிலானது. அப்படி ஆக்கியது ஒரு பேரழிவு. 1910 ஆகஸ்ட் 20, 21 ஆகிய இரண்டு நாட்களில் பெருங்காற்று அடித்து, ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் சிதறிக் கிடந்த சிறு தீக்களையெல்லாம் ஒன்றாகக் கோத்துவிட்டது. ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. 80க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்; பெரும்பாலானோர் தீயணைக்கக் கூலிக்குப் போனவர்கள். அதற்குப் பிறகு மலை உச்சிகளில் காவல் இருக்கைகள் பெருகின. 1930களில், வேலையில்லாத இளைஞர்களைக் காட்டுப் பணியில் ஈடுபடுத்த அந்த நாட்டு அரசு அமைத்த படை, கோபுரங்களை ஆயிரக்கணக்கில் பெருக்க உதவியது.

கோபுரம் என்றால் நான்கு கால் நட்டு, மேலே நாலாபுறமும் கண்ணாடி வைத்த ஒரே ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, தண்ணீர்ப் பாத்திரம். அறையின் நடுவில் ஒரு கருவி. வில்லியம் ஆஸ்போர்ன் என்ற வனத்துறை ஊழியர் 1910களில் உருவாக்கியது அது. வட்டமான தகட்டின் மேல் அந்தப் பகுதியின் வரைபடம் ஒட்டியிருக்கும். வரைபடத்தின் மையப்புள்ளிதான் அந்தக் கோபுரம். சுற்றிலும் டிகிரி பொறித்த வளையம். வளையத்தில் எதிரெதிராக இரண்டு பார்வைத் துளைகள், ஒன்றில் மெல்லிய இழை. புகை தெரிந்ததும் வளையத்தைத் திருப்பி, இந்தத் துளை வழியே அந்த இழையைப் புகையின் அடிப்பாகத்தில் நிறுத்த வேண்டும். புகையின் தலையைக் காற்று எங்கேயோ கொண்டுபோயிருக்கும், ஆகவே அடிதான் கணக்கு. வளையம் காட்டும் டிகிரியைப் படித்துச் சொன்னால் திசை கிடைத்துவிட்டது. தூரம்? பக்கத்து மலைக் கோபுரத்தில் இருப்பவரும் அதே புகையைப் பார்த்துத் தன் டிகிரியைச் சொல்வார். அலுவலகத்தில் இருப்பவர் இரண்டு கோடுகளையும் வரைபடத்தில் இழுப்பார். கோடுகள் வெட்டும் புள்ளியில் தீ. பள்ளிக்கூடத்தில் படித்த முக்கோணக் கணக்கு ஒரு காட்டையே காப்பாற்றுகிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

கருவி இருந்தால் போதுமா என்றால் போதாது. மழை விட்டதும் பள்ளத்தாக்கிலிருந்து மேலே எழும் மூடுபனித் துணுக்குகள் அப்படியே புகை மாதிரி இருக்கும். புதிதாக வந்தவர் ஒவ்வொன்றுக்கும் செய்தி அனுப்புவார். மண்சாலையில் லாரி போனால் கிளம்பும் புழுதி, கரி மூட்டம், சமையல் புகை எல்லாவற்றையும் பிரித்தறிய வேண்டும். பச்சையும் ஈரமும் எரிந்தால் வெண்புகை. காய்ந்த சருகு எரிந்தால் மெல்லிய நீலம். எண்ணெயோ டயரோ எரிந்தால் கருமை. எந்தக் கிராமத்தில் எந்த நேரம் அடுப்பு மூட்டுவார்கள் என்பதுவரை காவலருக்குத் தெரிந்திருக்கும். நேற்று அந்த இடம் எப்படி இருந்தது என்று அறிந்தவருக்கே இன்று அங்கே ஏதோ மாறியிருப்பது உறைக்கும். மின்னல் அடிக்கும்போது நிற்பதற்கென்று நான்கு கால்களிலும் கண்ணாடிக் குமிழ் பொருத்திய ஒரு ஸ்டூல் கோபுரத்தில் இருக்கும். சுற்றிலும் இடி விழ, அதன் மேல் நின்றுகொண்டே எங்கெங்கே மின்னல் இறங்கியது என்று குறித்துக்கொள்வார்கள்.

1913இல் கலிபோர்னியாவின் கிளாமத் காட்டில் இந்த வேலைக்கு ஹேலி டாகெட் என்ற பெண்ணை அமர்த்தினார்கள். அமெரிக்க வனத்துறை இப்பணிக்கு எடுத்த முதல் பெண் அவர். தனியாக மலை உச்சியில் பெண்பிள்ளை தாங்குவாளா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட கோடைகள் அவர் அங்கே இருந்தார்.

பிறகு சிறு விமானங்கள் வந்தன, சாலைகள் வந்தன. கோபுரத்துக்கு ஆள் வைப்பது வீண் செலவு என்று முடிவானது. பல கோபுரங்களைப் பிரித்துப் போட்டார்கள். சிலவற்றைத் துறையே கொளுத்தியது. எஞ்சியவை துருவேறிக் கிடந்த நிலையில்தான் பொதுமக்கள் உள்ளே வந்தார்கள். 1990இல் காட்டுத்தீக் கோபுரங்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தச்சர்கள், மாணவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் வார விடுமுறையில் மரப்பலகை சுமந்து மலையேறி, உடைந்த கண்ணாடியை மாற்றி, படிக்கட்டுக்கு ஆணி அடித்தார்கள். கட்டடத்தை மீட்டதோடு நிற்காமல் பயிற்சி எடுத்துக்கொண்டு, முறை வைத்துக் கோபுரத்தில் உட்கார்ந்து, ரேடியோவில் புகைச் செய்தி கொடுக்கவும் தொடங்கினார்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு மேலே வெட்டர் மலையில் ஒரு கோபுரம். 1998இலிருந்து தன்னார்வலர்கள் அதில் காவல் இருந்தார்கள். 2009இல் வந்த பெருந்தீ அந்தக் கோபுரத்தையே தின்றுவிட்டது. தீயைப் பார்க்கக் கட்டிய வீடு தீயில் போய்விட்டது. அந்தத் தன்னார்வலர்கள் அதோடு வீட்டுக்குப் போகவில்லை. பல ஆண்டுகள் பணம் சேர்த்து, அனுமதிக்காக நடையாய் நடந்து, அதே உச்சியில் மறுபடியும் கட்டி நிமிர்த்தினார்கள். ஹெலிகாப்டர் சத்தமோ தொலைக்காட்சிக் காமிராவோ இல்லாமல் நடந்த வேலை அது. அதனாலேயே எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் எல்லாக் கோபுரங்களையும் இரும்பில் கட்டவில்லை. அங்கே கர்ரி என்ற யூகலிப்டஸ் இன மரம் வானளாவ வளரும். 1937க்கும் 1952க்கும் இடையில் அப்படிப்பட்ட எட்டு மரங்களைத் தேர்ந்தெடுத்து, உயிர் மரத்திலேயே முளை அடித்து ஏணியாக்கி, உச்சியில் அறை வைத்தார்கள். பெம்பர்ட்டன் ஊர் அருகே உள்ள குளோஸ்டர் மரத்தின் உச்சி 50 மீட்டருக்கும் மேலே.

இதைக் கேட்கும் நம்மவர்களுக்கு இது புதிதாகவா இருக்கிறது? மரத்தின் மேல் பரண் கட்டித் தினைப்புனம் காத்தவர்கள் நாம். குறிஞ்சித் திணையின் பாதிக் காதல் அந்தப் பரணில்தான் பிறந்தது. இன்றும் தாளவாடி மலைக்குப் போனால் ராகிக் காட்டிலும் மக்காச்சோளக் காட்டிலும் பரண் பார்க்கலாம். யானை வருகிறதா என்று இரவெல்லாம் கண் விழித்திருப்பார்கள். உயரத்தில் உட்கார்ந்து காத்திருக்கும் பொறுமையும் கண்ணும் இந்த மலைகளில் இன்னும் சாகவில்லை.

நம் பக்கத்தில் கண்காணிப்புக் கோபுரங்கள் இல்லாமல் இல்லை. பந்திப்பூரிலும் முதுமலையிலும் உண்டு. கொடைக்கானலில் பேரிஜம் ஏரிக்குப் போகும் காட்டு வழியில் ‘ஃபயர் டவர்’ என்றே ஓர் இடம் இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் நிறுத்திக் காட்டும் இடங்களில் அதுவும் ஒன்று. பள்ளத்தாக்கு அழகாகத் தெரிகிறது என்று பார்த்துவிட்டு வருகிறோம். அது எதற்காகக் கட்டப்பட்டது என்று நம் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறோம்? கோபுரம் காட்சிமுனையாக மாறுவதில் ஆபத்து இருக்கிறது. காவலருக்கு வேண்டியது பள்ளத்தாக்கு முழுவதையும் மறைவில்லாமல் காட்டும் உச்சி. சுற்றுலாவுக்கு வேண்டியது சாலையோரம், யானை தண்ணீர் குடிக்க வரும் குட்டை. இரண்டும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். புதிதாகக் கட்டும்போது எதை மனதில் வைத்துக் கட்டுகிறோம் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

‘செயற்கைக்கோள் இருக்கிறதே ஐயா’ என்று இளைஞர்கள் கேட்பீர்கள். இருக்கிறது, மிக நல்ல வேலையும் செய்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004இலிருந்து செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. முதலில் இருந்த கருவி ஒரு கிலோமீட்டர் கட்டத்தில் பார்த்தது. பிறகு வந்தது 375 மீட்டர் கட்டத்தில் பார்க்கிறது. வனச்சரகரின் கைபேசிக்கே குறுஞ்செய்தி வந்துவிடும். இதைக் குறைத்துப் பேசுவது நன்றி கெட்ட வேலை.

ஆனால் அது எப்போது பார்க்கிறது என்று கவனியுங்கள். இந்த எச்சரிக்கைக்கு நீண்ட காலம் ஆதாரமாக இருந்த செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேலே கடந்துவந்தது ஏறக்குறைய காலை பத்தரைக்கும் பகல் ஒன்றரைக்கும். மறுபடியும் இரவு பத்தரைக்கும் நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்கும். பிப்ரவரி மாதத்துக் காடு எப்போது மிக மோசமாக எரியும்? பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்துக்குள். வெயில் ஏறி, சருகு அப்பளமாகி, சரிவில் காற்று மேல்நோக்கி அடிக்கும் நேரம் அது. இரண்டரை மணிக்கு ஒருவர் போட்ட பீடித் துண்டு, இரவில் அந்தக் கண்ணில் படுவதற்குள் ஒரு மலையைத் தாண்டியிருக்கும். ஒரே இடத்தில் நிலையாக நின்று அடிக்கடி படமெடுக்கும் வானிலைச் செயற்கைக்கோள்களும் உண்டு. அவற்றின் கட்டம் சில கிலோமீட்டர் அகலம்; சிறு தீ அதில் கரைந்துவிடும். உயரத்தில் காமிரா வைத்துப் புகையை அடையாளம் காணும் ஏற்பாடு மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகத்தில் 2024இல் வந்திருக்கிறது. பெருகட்டும். அந்தக் காமிராவுக்கும் உச்சியில் ஒரு கோபுரம் வேண்டும், அது சொல்வது புகையா மூடுபனியா என்று தீர்மானிக்கக் காடு தெரிந்த ஒருவர் வேண்டும். கோபாலசுவாமி பெட்டாவுக்கு ‘ஹிமவத்’ என்று அடைமொழி வந்ததே, அதைப் பனி மூடுவதால்தான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கோபுரங்கள் ஒரு தவறான கொள்கைக்கும் கண்ணாக இருந்தன. 1935இல் அவர்கள் ஒரு விதி போட்டார்கள்: எந்தத் தீயைக் கண்டாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும். பூர்வகுடிகள் காலங்காலமாக வைத்துவந்த சிறு தீக்களும் குற்றமாயின. எரிய வேண்டிய சருகும் புதரும் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்தன. பின்னால் வந்த தீக்கள் அந்த மொத்தச் சேமிப்பையும் ஒரே நாளில் செலவழித்தன. 1970களின் இறுதியில்தான் அந்த விதியைக் கைவிட்டார்கள்.

நம் பக்கத்தில் இதே கதை பிளிகிரி ரங்கன் மலையில் நடந்தது. அங்கே வாழும் சோளகர்கள் ‘தரகு பெங்கி’ என்று ஒரு தீ வைப்பார்கள். சருகுத் தீ. கோடையின் தொடக்கத்திலேயே, மண்ணில் ஈரமும் காற்றில் குளிரும் இருக்கும்போது வைப்பது. முழங்கால் உயரத்துக்கு மேல் எழாமல் ஊர்ந்துபோய் அணைந்துவிடும். உண்ணிச்செடி என்ற புதர்க்களையின் கன்றுகள் அதில் கருகும். நெல்லி மரத்தை உறிஞ்சும் புல்லுருவியும் அடங்கும் என்பது அவர்கள் அனுபவம். 1974இல் அந்த மலை சரணாலயமானது, தீ வைப்பது தடைப்பட்டது. அதன் பிறகே உண்ணிச்செடி காட்டை மூடியது என்று சோளகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களும் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பந்திப்பூரையும் உண்ணிச்செடி விடவில்லை. கோடையில் அது காய்ந்து நிற்கும்போது, தரையில் ஊரும் தீ அதைப் பிடித்து மரக்கிளைக்கு ஏறுகிறது. ஆகவே கோபுரத்தில் இருப்பவர் எந்தப் புகை கெடுதல், எந்தப் புகை வேலை என்று தெரிந்தவராக இருக்க வேண்டும். வனத்துறையே டிசம்பர், ஜனவரியில் ‘ஃபயர் லைன்’ வெட்டி, வெட்டிய புல்லைக் கட்டுக்குள் எரிக்கிறது. அதைப் பார்த்து அலறக் கூடாது. மார்ச் மாதத்து நண்பகலில் சரிவின் அடியில் எழும் ஒற்றை இழைப் புகையைப் பார்த்துப் பதற வேண்டும்.

இந்த அறிவு யாரிடம் இருக்கிறது? ஜேனு குருபர், பெட்ட குருபர், சோளகர் வீடுகளிலிருந்து தீக்காலத்துக்கு மட்டும் தினக்கூலிக்கு வரும் வாட்சர்களிடம் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் பந்திப்பூரின் கல்கெரே சரகத்தில் தீயோடு போராடிய வனக்காவலர் ஒருவர் உயிர் விட்டார். இவர்கள் இடத்தில் நகரத்துத் தன்னார்வலர் போய் உட்கார்ந்து, அவர்கள் கூலியைக் கெடுக்கும் ஏற்பாடாக நான் கேட்கப்போவது ஆகிவிடக் கூடாது. அமெரிக்காவில் காலியான கோபுரங்களைத் தன்னார்வலர்கள் நிரப்பினார்கள். இங்கே காவலர் இருக்கிறார்; அவருக்குக் குடிதண்ணீர், நல்ல பைனாகுலர், வேலை செய்யும் வாக்கிடாக்கி, காப்பீடு, மாற்று ஆள் இல்லை என்பதுதான் குறை. பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை ஒரே ஜோடிக் கண் சோர்ந்துபோகும். பக்கத்தில் இரண்டாவது ஜோடிக் கண்ணாக, குறிப்பேடு எழுதுபவராக, அவர் சொல்லும் திசையை வரைபடத்தில் குறிப்பவராக நாம் இருக்கலாம். அதற்கான அனுமதியை வனத்துறையிடம் முறையாகக் கேட்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அனுமதியில்லாமல் காட்டுக்குள் யாரும் கால் வைக்காதீர்கள். 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். புல்மலைச் சரிவில் மலையேற்றக் குழு தீக்குள் சிக்கி, 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எல்லாம் நம் பிள்ளைகள் வயது. தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். அதன் அனல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. சரிவில் மேலே ஓடி அதை ஜெயிக்க எந்த மனிதனாலும் முடியாது. அன்று எதிர் மலையில் ஒருவர் உட்கார்ந்து, கீழே புகை, மேலே ஆட்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று நான் எண்ணாத மார்ச் மாதம் இல்லை.

இந்தப் பணிக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். பிப்ரவரியில் தொலைக்காட்சியில் தீயைப் பார்த்த பிறகு வருவது பயன்படாது. நவம்பருக்குள் பெயர் வேண்டும், டிசம்பரில் வரைபடம் படிக்கவும் திசைகாட்டி பிடிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். கன்னடம் பேசத் தெரிந்திருக்க வேண்டும், வாட்சர்களோடு பேசப்போவது அதில்தான். இந்தப் பகுதியில் வளர்ந்த உங்களுக்கு அது தாய்மொழிக்கு அடுத்த மொழி, அதனால்தான் உங்களைத் தேடி வந்தேன். கண் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள். கைபேசியைத் தொடாமல் ஒரு பிற்பகல் முழுவதும் ஒரே மலையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்று வீட்டு மாடியில் ஏறி ஒரு நாள் சோதித்துவிட்டுச் சொல்லுங்கள்.